நான்கெல்லைக்கு உட்பட்டது

அப்பாவின் எழுத்து சிறுத்துக்கொண்டே வருவதை முதலில் கண்டுபிடித்தது வீட்டில் இருந்த நாங்கள் இல்லை. முசிறி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு அக்கா. அப்பா பத்திர எழுத்தர். எங்கள் தெருவில் 'ரைட்டர் வீடு' என்றால் எங்கள் வீடு. முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர். கணினி வந்த பிறகும் வரைவைக் கையால்தான் எழுதுவார், அந்த அக்கா தட்டச்சு செய்து தருவார். 2011இல் ஒருநாள் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். "சார், வரி ஆரம்பிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. போகப்போக எறும்பு மாதிரி ஆயிடுது. கடைசி ரெண்டு வார்த்தை என்னன்னு நீங்களே சொல்லிடுங்க."

அப்பா வாங்கிப் பார்த்தார். அவராலும் படிக்க முடியவில்லை. இதை அவர் எங்களிடம் சொன்னது அடுத்த வருடம்தான்.

பத்திரத்தில் ஓர் எழுத்து தப்பக்கூடாது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒருவர் நிலம் இன்னொருவர் பேருக்குப் போய்விடும், பேரப்பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலைவார்கள். அதனால்தான் தபசிலில் எண்ணோடு நான்கெல்லையையும் எழுதுகிறார்கள். இன்னாருடைய நிலத்துக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, பொதுப்பாதைக்கு வடக்கு என்று. "நம்பர் தப்பினாலும் எல்லை காட்டிக்கொடுத்துரும் பாப்பா" என்பார் அப்பா. சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சொற்களைப் பாட்டு மாதிரி கேட்டிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் எழுத்துக்கு முன்பே உடம்பு பலவிதமாகச் சொல்லியிருக்கிறது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறும், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா கத்துவாள். தூக்கத்தில் யாரையோ விரட்டுவதுபோலக் கத்துவார், காலை உதைப்பார். ஒரு ராத்திரி அம்மா கட்டிலிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். "மனுசன் பகல்ல வாயைத் திறக்கிறதில்ல, ராத்திரி சண்டைக்குப் போறாரு" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். வாசனை தெரியாமல் போவதும் கனவுக்கு ஏற்றபடி உடம்பு அசைவதும், கை நடுங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வரக்கூடிய அறிகுறிகள் என்று அன்று எங்களுக்கு யார் சொல்வது?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அப்பா சிரிக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா ஏதேதோ தமாஷ் பேசினார். அப்பா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "ஏம்பா இப்படி உர்ருன்னு உக்காந்திருந்தீங்க? அவங்க என்ன நெனைப்பாங்க?" அப்பா என்னையே பார்த்தார். "சிரிச்சேனே பாப்பா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே சிரித்திருக்கிறார். முகம் அதைக் கேட்கவில்லை.

2012இல் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவர், அப்பாவை நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாளில் நத்தைக்கூடு மாதிரி சுருள் வரையச் சொன்னார். வெளியே தொடங்கியது நடுங்கி நடுங்கி ஒரு புள்ளியாக முடிந்தது. பார்க்கின்சன் என்றார்.

அன்றிரவு தேடிப் படிக்கத் தொடங்கினேன். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817இல் 'நடுங்கு வாதம்' பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் நோயாளிகள் 6 பேர்தான். அவர்களில் இருவரைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்திருக்கிறார். ஒருவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்து கவனித்ததோடு சரி. இந்தக் கடைசி விவரம் என்னைப் படுத்தியது. முன்பின் தெரியாத ஒருவர் நடப்பதைத் தள்ளி நின்று பார்த்தே அவரால் நோயென்று எழுத முடிந்தது. ஒரே வீட்டில் இருந்து பார்த்த நான் அதைக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை ஆரம்பித்ததும் அப்பா மீண்டு வந்தார். லெவோடோபா. மூளையின் அடிப்பகுதியில் கருநிறத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. டோபமைன் சுரக்கும் அதன் செல்கள் ஒவ்வொன்றாக அழிவதுதான் இந்த நோயின் மையம். டோபமைனை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். 1950களின் கடைசியில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப் போகச் செய்தார். பிறகு லெவோடோபா கொடுத்ததும் அவை எழுந்து ஓடின. அதற்கு 2000இல் நோபல் கிடைத்தது. அந்த ரெசர்பின் நம் ஊர் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கப்பட்டது. எழுந்து ஓடிய முயல் கதையைச் சொன்னபோது அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது. அப்போது மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

நாலைந்து வருடம் அப்படிப் போயிற்று. பிறகு மாத்திரையின் நேரம் குறைய ஆரம்பித்தது. 5 மணி நேரம் தாங்கியது 3 ஆகி, 2 ஆகியது. ஒரு நாளைக்கு 7 வேளை. பருப்பு, முட்டை சாப்பிட்டால் அந்தப் புரதம் மருந்து உள்ளே போகவிடாமல் மறிக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு முன்பே மாத்திரை. அம்மாவின் நாள் முழுக்க அலாரத்தில் ஓடியது. மருந்து ஏறியிருக்கும்போது உடம்பு காற்றில் ஆடும் கொடி மாதிரி தன்னால் நெளியும். இறங்கினால் சிலை. ஒருநாள் குளியலறை வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. கால் மணி நேரம் நிலையைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கூப்பிட்டிருக்கலாம். அம்மா தூங்கட்டும் என்று கூப்பிடவில்லை.

அதைக் கேட்ட வாரமே நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் நேரம் வாங்கினேன்.

மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சை. டிபிஎஸ் என்பார்கள். எல்லாருக்கும் செய்ய மாட்டார்கள். முதல்நாள் இரவோடு மாத்திரையை நிறுத்தி, காலையில் வெறும் உடம்போடு வரச்சொல்லி அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். அப்புறம் மாத்திரை கொடுத்து மறுபடி மதிப்பெண். இந்த வித்தியாசம் கணிசமாக இருக்க வேண்டும். மாத்திரைக்குக் கட்டுப்படும் அறிகுறிதான் இதற்கும் கட்டுப்படும். ஞாபகசக்திக்குத் தனியாக ஒரு சோதனை. அப்பா எல்லாவற்றிலும் தேறினார்.

மருத்துவர் விளக்கி முடித்ததும் எனக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. எப்போது செய்யலாம் என்பது மட்டும்தான். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எல்லை சொல்லுங்க டாக்டர்."

"புரியலையே ஐயா?"

"எதுவரைக்கும் சரியாகும்னு சொல்லிட்டீங்க. எதெல்லாம் இதுல சேராதுன்னு சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாகச் சொன்னார். அப்பா தன் எறும்பு எழுத்தில் நான்கு வரி எழுதினார். நோய் நிற்காது, அது பாட்டுக்கு வளரும். மாத்திரையில் சரியாகாதது இதிலும் சரியாகாது. நடையில் தள்ளாட்டத்துக்கு உத்தரவாதம் இல்லை. பேச்சு குறையலாம்.

நான்காவதை எழுதும்போது நான் குறுக்கே விழுந்தேன். "அபசகுனமா எதுக்குப்பா அதெல்லாம் எழுதிக்கிட்டு?" அப்பா நிமிரவில்லை. "வில்லங்கம் இல்லவே இல்லைன்னு சொல்றவன்கிட்டதான் பாப்பா பயப்படணும். இருக்குன்னு சொல்லி விக்கிறவன்கிட்ட தைரியமா வாங்கலாம்" என்றார்.

கருவியோடு சேர்த்து 10 லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். பாதிக்கு நான் கடன் போட்டேன். மீதிக்கு, அப்பா திருச்சி ரோட்டில் எப்போதோ வாங்கிப்போட்ட மனையை விற்றோம். அந்தக் கிரயப் பத்திரத்தின் வரைவை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். தன் சொத்துக்கான பத்திரத்தைத் தன் கையால் எழுத முடியாத ரைட்டர். ஒவ்வொரு வரியையும் வாங்கிப் படித்துப் பார்த்தே அடுத்த வரிக்குப் போனார்.

இந்தச் சிகிச்சையின் கதை எனக்கு அந்த நாட்களில் பெரிய துணையாக இருந்தது. நடுக்கத்துக்காக மூளையின் ஒரு புள்ளியைச் சுட்டு அழிக்கும் அறுவை சிகிச்சை முன்பே உண்டு. சுட்டால் சுட்டதுதான், திருத்த முடியாது. இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சு கெடும் வாய்ப்பு அதிகம். சுடும் முன் இடம் சரிதானா என்று பார்க்கச் சிறிது மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் அப்படிப் பார்த்தபோது, நொடிக்கு 100 துடிப்பு அளவில் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அப்படியென்றால் ஏன் சுட வேண்டும், கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் மாலன் டிலாங், பார்க்கின்சன் வரவழைக்கப்பட்ட குரங்குகளில் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதி மிதமிஞ்சி இயங்குவதையும், அதை அடக்கினால் குரங்குகள் தேறுவதையும் 1990இல் காட்டினார். 1993இல் பெனாபிட் குழு மனிதர்களிலும் அந்த இடத்துக்கு வந்தது. இருவருக்கும் 2014இல் லாஸ்கர் விருது.

இதற்கெல்லாம் முன்பே சென்னையில் ஒருவர் இருந்திருக்கிறார். டாக்டர் டி.எஸ்.கனகா. இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவர், அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். மூளைக்குள் மின்முனைகளை நிலையாகப் பொருத்தும் முயற்சியை 1970களிலேயே இங்கே செய்த முன்னோடி. அவர் 2018இல் காலமானார். அப்பாவுக்கு அறுவை நடந்தது அடுத்த ஜனவரியில்.

அன்று காலை தலையை மழித்து, மண்டையில் நான்கு இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓர் உலோகச் சட்டத்தைத் திருகி மாட்டினார்கள். சக்கர நாற்காலியில் அந்தச் சட்டத்தோடு அப்பா வெளியே வந்ததைப் பார்த்து அம்மா தூணோரம் போய் நின்றுகொண்டாள். அப்பா அவளைப் பார்த்து, "தேர் கெளம்பிருச்சு" என்றார்.

உள்ளே நடந்ததெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். பெரும்பாலான நேரம் விழித்திருந்தார். மூளைக்கு வலி தெரியாது. மயிரிழை போன்ற கம்பியை இறக்கும்போது செல்களின் மின்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்டதாம். "மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணா தூறல் மாதிரி. அப்புறம் திடீர்னு தகரக் கொட்டாயில மழை அடிக்கிற மாதிரி. 'வந்துட்டோம் ஐயா'ன்னாரு டாக்டர்." மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கையை மூடித் திறக்கச் சொன்னார்கள், மாதங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். ஒருதரம் சித்திரை, வைகாசி, ஆனி என்று போய்க்கொண்டிருந்த நாக்கு ஆவணியில் குழறியிருக்கிறது. உடனே குறைத்துவிட்டார்கள். பிறகு எழுத ஒரு தாள் கொடுத்தார்கள். படுத்தபடி, கண்ணுக்குத் தெரியாத தாளில் தன் பெயரை எழுதினார்.

இரண்டு பக்கமும் இரண்டு மின்முனைகள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் கம்பி ஓடி, காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பேட்டரியில் முடிந்தது. மூன்று வாரம் கழித்து அதை இயக்கினார்கள். வலது கையின் நடுக்கம், ஃபேனை நிறுத்தினால் சுற்று ஓய்வதுபோல ஓய்ந்தது. அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா தொட்டுப் பார்த்தாள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு முழுப் பக்கம் எழுதினார். கடைசி வரிவரை எழுத்து ஒரே அளவு. கம்ப்யூட்டர் சென்டர் அக்காவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். மாத்திரை நான்கு வேளையாகக் குறைந்தது. அடுத்து வந்த வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனபோது, மெட்டல் டிடெக்டர் வாசலில் காவலரிடம் அட்டையைக் காட்டி ஒதுங்கி நடந்தார். விறைப்பாக, பெருமையாக.

பேச்சு எப்போது குறைந்தது என்று தேதி சொல்ல முடியவில்லை. நோய் வளர வளர மின்சாரத்தைக் கூட்டினார்கள். கை நன்றாக இருந்தது. குரல் தேய்ந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2020இல் ஊரடங்கு வந்தது. சென்னைக்குப் போய் அளவைத் திருத்த வழியில்லை. முகக்கவசத்துக்குப் பின்னால் அவர் பேசியது பால்காரருக்குக் கேட்கவில்லை, மருந்துக்கடையில் கேட்கவில்லை. போனில் எனக்கும் கேட்கவில்லை. "என்னப்பா? என்ன?" என்று நான் மூன்றுதரம் கேட்டால் நான்காவது தரம் போன் அம்மா கைக்குப் போயிருக்கும். வாசலில் நின்று தெருக்கோடிவரை கேட்கக் கூப்பிடுகிற மனிதர்.

ஊரடங்கு தளர்ந்ததும் அழைத்துப் போனேன். மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்த நியூக்ளியஸ் ஒரு பருப்பு மாதிரி, சில மில்லிமீட்டர் அகலம். அதன் வெளிப்பக்கம் ஒட்டியே முகத்துக்கும் நாக்குக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் ஓடுகின்றன. மின்சாரத்தைக் கூட்டினால் அது அங்கேயும் கசியும். அப்பா உடனே, "நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சினா வரப்பு தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகுது" என்றார். முணுமுணுப்பாகத்தான் சொன்னார். மருத்துவர் குனிந்து கேட்டுவிட்டு, "அதேதான் ஐயா" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கைக்கு ஓர் அளவு, வாய்க்கு ஓர் அளவு என்றால் இதற்கா மனையை விற்றோம், இதற்கா மண்டையில் துளை போட்டோம்? மருத்துவரிடம் குரலை உயர்த்திவிட்டேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். ஃபைலிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து என் மடியில் வைத்தார். எறும்பு எழுத்து. நான்காவது வரியில் அவர் விரல் நின்றது. எழுதவிடாமல் நான் தடுக்கப்பார்த்த வரி.

நான் கேட்காமல் விட்டதற்கும் காரணம் இருக்கிறது. சரியாகிவிடும் என்ற சொல் அவரைவிட எனக்குத் தேவைப்பட்டது. வாசற்படியில் ஒட்டிப்போய் நிற்கும் அப்பாவை என்னால் பார்க்க முடியவில்லை. பெண் பார்த்த அன்று கத்தியதை எதையாவது கொடுத்து அழிக்க வேண்டியிருந்தது. அவருக்கு அப்படி ஒன்றுமில்லை. எதை வாங்குகிறோம், எது அதில் சேராது என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர் அவர்.

அன்று மருத்துவர் கருவியில் இரண்டு அளவுகளைப் பதித்துக் கொடுத்தார். ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் கை நிதானமாக இருக்கும், பேச்சு மங்கும். மற்றதில் பேச்சு தெளியும், வலது கை கொஞ்சம் ஆடும். வீட்டில் அதற்கு 'எழுத்து', 'பேச்சு' என்று பெயர் வைத்துவிட்டோம். அம்மா ரிமோட்டில் பிளாஸ்டர் ஒட்டி 'எ', 'பே' என்று எழுதியிருக்கிறாள். 2023இல் பேட்டரி தீர்ந்து புதிது வைத்தோம். அதற்கும் சில லட்சம், மார்பில் இன்னொரு தழும்பு. நோய், முதல் வரியில் எழுதியபடி, அது பாட்டுக்கு வளர்கிறது. போன வருடம் இரண்டுமுறை விழுந்தார்.

இப்போது அப்பா காலை நேரத்தை எழுத்துக்கு வைத்திருக்கிறார். பழைய பத்திரம் படிக்கத் தெரியாத பையன்கள் இன்னும் நகலோடு வருகிறார்கள். பேசாமலே எழுதிக் காட்டி விளக்குகிறார். நான் கூப்பிடுவது சாயங்காலம், அவர் காப்பி குடிக்கும் நேரம். போனை எடுத்ததும் உடனே பேச மாட்டார். "இரு" என்று தேய்ந்த குரலில் ஒரு சொல். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு டபராவில் தம்ளர் கடகடவென்று அடிக்கும் சத்தம் வரும். அது வந்துவிட்டால் நான் காதை நன்றாக ஒட்டிவைத்துக்கொள்வேன்.

"சொல்லு பாப்பா" என்பார் அப்பா, தெளிவாக.